முதலில் எடுத்த குழாய்களில் ஹோமோசிஸ்டீன் கூடுதலாக வருவது ஏன்?

கேள்வி: முதுகலை மாணவி, கடலூர்

கடலூர் முதுநகர் முகாமில் ஈடிடிஏ (இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) இட்ட குழாய்களில் எடுக்கும் இரத்தத்தைப் புதுச்சேரி ஆய்வகம் ஒன்றுக்குக் கொண்டுபோய், போட்டிமுறை எலிசா கிட்டில் (குழிகள் கொண்ட தட்டில், ஆன்டிபாடியின் துணையோடு நிறத்தை வைத்து அளக்கும் முறை) மொத்த ஹோமோசிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தை அளக்கிறேன். காலையில் எடுக்கும் குழாய்கள் முகாம் முடியும்வரை குழாய்த் தாங்கியிலேயே இருக்கும். பிறகு எல்லாவற்றையும் ஆய்வகத்தில் ஒன்றாகச் சென்ட்ரிஃபியூஜ் செய்கிறோம். முதலில் எடுத்தவற்றுக்குரிய குழிகளில் மஞ்சள் நிறம் வெளிறி, அளவு கூடுதலாகவே வருகிறது. முதலில் இரத்தம் கொடுத்தவர்கள் வெறும் வயிற்றோடு வந்ததாலா, தட்டின் முதல் வரிசைகளில் அவற்றையே இடுவதாலா? ஹோமோசிஸ்டீனை நேரடியாக அளக்காமல் வேறொரு சேர்மமாக மாற்றுவது எதற்கு என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஆய்வக நுட்பநர், புதுச்சேரி

வணக்கம். தட்டைப் பார்க்கும் முன் தாங்கியைப் பாருங்கள். சிவப்பணுக்கள் குழாய்க்குள் வந்த பின்பும் ஹோமோசிஸ்டீனை உண்டாக்கிப் பிளாஸ்மாவுக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 10 சதவீதம் ஏறும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவே லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல்தான் என்பதால், உண்மையில் 12 இருப்பவரின் குழாய் மூன்று மணி நேரம் காத்திருந்தாலே எல்லையைத் தாண்டிவிடும். வெறும் வயிறு அளவை இப்படி உயர்த்தாது; புரதம் மிகுந்த உணவுதான் சில மணி நேரம் கழித்துச் சற்று ஏற்றும்.

எடுத்தவுடன் குழாயை ஐஸில் புதைத்து, ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள். சிறிய சென்ட்ரிஃபியூஜ் ஒன்றை முகாமுக்கே கொண்டுசெல்வது நல்லது. பிரித்த பிளாஸ்மா குளிரில் பல நாள் தாங்கும். புதுச்சேரிக்கு வரும் நேரம் ஒரு பொருட்டே அல்ல. தட்டின்மேல் உள்ள ஐயத்தைத் தீர்க்க, மாதிரிகளை எடுத்த வரிசையில் இடாமல் கலைத்து இட்டுப் பாருங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியர், புதுச்சேரி

இரண்டாம் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். ஹோமோசிஸ்டீனின் மூலக்கூறு எடை 135 மட்டுமே. ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டிபாடிகள் பற்றிக்கொள்ள அதில் இடமில்லை என்பதால் இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே பிடித்து அளக்கும் சாண்ட்விச் முறை இங்கே எடுபடாது. அதோடு, பிளாஸ்மாவில் அதன் பெரும்பகுதி டைசல்ஃபைடு பிணைப்பால் புரதங்களோடு ஒட்டியிருக்கிறது. தனித்த நிலையில் இருப்பது ஏறத்தாழ 1 சதவீதமே. ஆகவே அந்தப் பிணைப்பை உடைக்கும் டைதயோதிரெய்ட்டால் போன்ற ஒடுக்கியால் அனைத்தையும் விடுவித்து, அடினோசினை மிகையாகச் சேர்த்து, நொதியின் துணையால் எஸ்-அடினோசில்ஹோமோசிஸ்டீனாக மாற்றுகிறார்கள். ஆன்டிபாடி அடையாளம் காண்பது இந்தப் பெரிய மூலக்கூறைத்தான். தட்டில் பூசப்பட்டுள்ள அதே சேர்மமும் மாதிரியில் உள்ளதும் ஆன்டிபாடிக்காகப் போட்டியிடுவதால், மாதிரியில் அளவு கூடக்கூட நிறம் குறைகிறது. எஸ்-அடினோசில்மெத்தியோனின் மாத்திரை உட்கொள்பவர்களின் முடிவைத் தனியே குறித்து வையுங்கள். ஆன்டிபாடி அதையும் ஓரளவு பற்றக்கூடும்.

மாணவி:

இருவருக்கும் நன்றி, ஐயா. ஒவ்வொரு குழாயும் காத்திருந்த நேரம் பதிவேட்டில் இருக்கிறது; அதை வைத்து, ஏற்கெனவே அளந்த முடிவுகளைத் திருத்திக்கொள்ளலாமா?

பதில் 3: ஆய்வக நுட்பநர், புதுச்சேரி

கூடாது, அம்மா. ஏறும் வேகம் அன்றைய வெப்பத்தையும் அவரவர் சிவப்பணு அளவையும் பொறுத்து மாறுவதால், 10 சதவீதம் என்பதைத் தனி ஒருவரின் முடிவிலிருந்து கழிக்க முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் பிரித்தவை உங்கள் பதிவேட்டில் இருந்தால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களிடம் மீண்டும் இரத்தம் எடுங்கள்.