சைப்ரஸ் மலைக்கு ஸ்னோபோர்டு ஜாக்கெட்: தடிமனா, வெறும் ஷெல்லா?

பர்னபிவாசி:

வணக்கம். வான்கூவர் வந்து இது எனக்கு இரண்டாவது குளிர்காலம். ஆபீஸ் கூட்டத்தோடு ஜனவரியில் இங்கே பக்கத்திலிருக்கும் சைப்ரஸ் மலையில் ஸ்னோபோர்டு வகுப்புக்குப் பணம் கட்டியாகிவிட்டது. பிப்ரவரியில் ஒரு வார இறுதி விஸ்லர் போகிறோம். போர்டு, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். பேன்ட் ஒரு நண்பன் தருகிறான். ஜாக்கெட் மட்டும்தான் நான் வாங்க வேண்டும்.

கடையில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் 80 கிராம் இன்சுலேஷன் (சூட்டைப் பிடித்துவைக்கும் உள்பஞ்சு), டேகில் 10கே/10கே, விலை 190 டாலர். போட்டதுமே கதகதவென்று இருந்தது. இன்னொன்று இன்சுலேஷனே இல்லாத ஷெல், 20கே/15கே, தள்ளுபடி போக 310 டாலர். கையில் வாங்கினால் மழைக்கோட்டு மாதிரிதான் இருக்கிறது. இதற்கு எதற்கு இவ்வளவு காசு? கடைக்காரர் முதல் ஜாக்கெட்டைத்தான் எடுக்கச் சொல்கிறார்.

சொந்த ஊர் திருப்பூர், வீட்டில் பனியன் கம்பெனி. அதனால் துணி எடையைச் சொல்லும் ஜிஎஸ்எம் கணக்கெல்லாம் அத்துப்படி, இந்த ‘கே’ கணக்குதான் பிடிபடவில்லை. எனக்குச் சீக்கிரம் வியர்க்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் ஆபீசுக்குப் போடும், பறவைத் தூவி அடைத்த டவுன் ஜாக்கெட் ஒன்று இருக்கிறது, அதை வைத்தே சமாளிக்க முடியுமா?

ஈரமலை:

தம்பி, ஷெல்லை எடுங்கள். காரணம் நீங்கள் போகும் மலை.

சைப்ரஸ், க்ரௌஸ், சீமோர் மூன்றுமே கடலை ஒட்டிய மலைகள். ஜனவரியில்கூட வெப்பநிலை பூஜ்யத்தைச் சுற்றியே நிற்கும். கார் நிறுத்துமிடத்தில் மழை, மலைமேல் கொண்டுபோகும் நாற்காலி லிஃப்டில் பாதி ஏறினால் ஆலங்கட்டி மாதிரி ஒன்று, மேலே போனால் கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற பனி. 2010 ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு போட்டிகள் இங்கேதான் நடந்தன. அந்தக் குளிர்காலம் பனி போதாமல் லாரியிலும் ஹெலிகாப்டரிலும் கொண்டுவந்து கொட்டினார்கள். அப்படிப்பட்ட மலையில் உங்களுக்குத் தொந்தரவு ஈரம்தான், குளிர் அப்புறம்தான். உங்களுக்கு வியர்க்கும் வேறு. 80 கிராம் இன்சுலேஷனைப் போட்டுக்கொண்டு விழுந்து விழுந்து எழுந்தால் அரை மணி நேரத்தில் உள்ளேயிருந்தே நனைந்துவிடுவீர்கள். கடையில் கதகதப்பாக இருக்கத்தான் செய்யும், அங்கே ஹீட்டர் ஓடுகிறது.

‘கே’ கணக்குக்கு வருகிறேன். முதல் எண், துணி எவ்வளவு நீர் அழுத்தத்தைத் தாங்கும் என்பது. 10கே என்றால் 10,000 மி.மீ., அதாவது 10 மீட்டர் உயரத் தண்ணீர்க் கம்பத்தைத் துணி மேல் நிறுத்தினாலும் கசியாது. கேட்டால் பிரமாதமாக இருக்கும். ஆனால் ஈரமான லிஃப்ட் இருக்கையில் உட்காரும்போதும், முழங்கையை ஊன்றி விழும்போதும் உங்கள் எடை முழுக்க ஒரு சின்ன இடத்தில் அழுந்துகிறது. உலர்ந்த பனிக்கு 10கே போதும். நம் பக்கத்துக்கு 15கேவுக்குக் கீழே நான் சொல்லமாட்டேன். இரண்டாவது எண், ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் துணி வழியாக எத்தனை கிராம் நீராவி வெளியேறும் என்பது. இதை ரொம்ப நம்ப வேண்டாம். ஆளுக்கொரு முறையில் சோதிக்கிறார்கள், ஒரு கம்பெனியின் 15கேவையும் இன்னொன்றின் 20கேவையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. அதைவிட அக்குளுக்குக் கீழே ஜிப் இருக்கிறதா பாருங்கள். லிஃப்டுக்காக நிற்கும்போது அதைத் திறந்துவிட்டால் போதும், எந்த எண்ணாலும் கிடைக்காத காற்றோட்டம் கிடைக்கும்.

டேகில் இல்லாத விஷயம் தையல். ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதானே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்புங்கள். தையல் நெடுகப் பளபளவென்று ஒரு டேப் ஒட்டியிருக்கும். விலை குறைந்தவற்றில் தோள், கழுத்து, தொப்பி இதற்கு மட்டும் ஒட்டிவிட்டு மற்றதை அப்படியே விட்டிருப்பார்கள். பக்கவாட்டுத் தையலிலும் கையின் அடித்தையலிலும் டேப் ஓடுகிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். உள்ளே லைனிங் வைத்துத் தைத்திருந்தால் தெரியாது, பாக்கெட் உள்வழியாகவோ அக்குள் ஜிப் வழியாகவோ எட்டிப் பார்க்கலாம். எல்லாத் தையலுக்கும் டேப் என்று எழுதியிருந்தால் நிம்மதி.

டவுன் ஜாக்கெட்டைக் காரிலேயே விட்டுவிடுங்கள். தூவி நனைந்தால் கட்டி கட்டியாகிவிடும், அப்புறம் அதில் சூடு நிற்காது.

சொல்ல மறந்தேன். நண்பர் தரும் பேன்ட் என்ன ‘கே’? புதிதாகப் பழகுகிறவர் பூட்ஸைப் போர்டோடு பூட்டும் பைண்டிங்கை மாட்டும் ஒவ்வொரு தடவையும் பனியில்தான் உட்காருவார். முதலில் நனைவது ஜாக்கெட் இல்லை. அந்தப் பேன்ட் பழசாகி மேல்துணியில் தண்ணீர் உருண்டு ஓடாமல் ஊறுகிறது என்றால், என்னைக் கேட்டால் ஜாக்கெட் பட்ஜெட்டில் கொஞ்சம் எடுத்துப் பேன்டில் போடுவேன்.

கால்கரி அக்கா:

ஈரமலை அண்ணாச்சிக்கு உலகமே வான்கூவர்தான். நாங்கள் போகும் லேக் லூயிஸ், சன்ஷைன் மலைகள் பக்கம் மைனஸ் 25 எல்லாம் சாதாரணம். லிஃப்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது காற்று அடித்தால் வெறும் ஷெல் போட்டவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இங்கே பனி மாவு மாதிரி உலர்ந்திருக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும். 10கே இன்சுலேட்டட் ஜாக்கெட்தான் நான் போடுகிறேன், நனைந்ததே இல்லை.

ஆனால் தம்பி போகப்போவது சைப்ரஸும் விஸ்லரும் என்பதால் நானும் ஷெல் கட்சிதான். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். விஸ்லரில் கடைத்தெரு இருப்பது சுமார் 675 மீட்டரில், அங்கேயே இருக்கும் பிளாக்கோம் மலையில் லிஃப்ட் போகும் உச்சி 2,284 மீட்டர். கீழே மழைக்குக் குடை பிடிப்பார்கள், மேலே பத்து டிகிரி குறைவாகப் பனிக்காற்று அடிக்கும். ஷெல்லுக்குள் ஃப்ளீஸ் (மெத்தென்ற பாலியெஸ்டர் மேல்சட்டை) ஒன்று, அதற்கு மேல் தேவைப்பட்டால் மெல்லிய சிந்தெடிக் பஃபர் (செயற்கைப் பஞ்சு அடைத்த ஜாக்கெட்) ஒன்று. பஃபரைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். தடி ஜாக்கெட்டில் இந்தச் சௌகரியம் கிடையாது, போட்டால் போட்டதுதான்.

பர்னபிவாசி:

இரண்டு பேருக்கும் நன்றி. பேன்டைப் பார்த்தேன், 10கே. குழாயடியில் நீட்டினேன், முட்டிக்குக் கீழே உருள்கிறது, உட்காரும் இடத்தில் ஊறுகிறது!

அப்புறம் இரண்டு கேள்வி. ஷெல்லில் எம் சைஸ் கச்சிதமாக இருக்கிறது, எல் கொஞ்சம் தொளதொள. எது? உள்ளே அப்பா கம்பெனி பனியன் ஒரு பெட்டி இருக்கிறது, அதைப் போடலாம்தானே?

ஈரமலை:

அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், காட்டன் வேண்டவே வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும், லிஃப்டில் ஏறியதும் முதுகு ஜில்லிடும். ஹூடியும் அப்படித்தான், மலையில் பாதிப் பேர் அதைப் போட்டுக்கொண்டுதான் நடுங்குகிறார்கள். மெரினோ கம்பளி இருந்தால் நல்லது, இல்லையென்றால் சாதாரண பாலியெஸ்டர் ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட் முழுக்கையில். அதுவும் திருப்பூரில் தைப்பதுதான், பெட்டியில் தேடிப் பாருங்கள்.

சைஸுக்கு, நாளை கடைக்குப் போகும்போது ஃப்ளீஸைப் போட்டுக்கொண்டு போங்கள். ஜிப்பை முழுக்க ஏற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து முன்னால் குனிந்து இரண்டு கையாலும் பாதத்தைத் தொடுங்கள், பைண்டிங் மாட்டுவது போல. பின்பக்கம் இடுப்புக்கு மேலே ஏறினால் அந்த சைஸ் வேண்டாம். தோள் இறுக்கினாலும் வேண்டாம். மணிக்கட்டுக்கு அடிபடாமல் காக்கும் ரிஸ்ட் கார்டு மாட்டுவீர்கள் என்றால் கைமுனை அதன் மேல் இறங்குகிறதா பாருங்கள், மாட்டாமல் போகாதீர்கள், புதியவர்கள் அதிகம் அடிபடுவது அங்கேதான். அநேகமாக எல்தான் சரியாக வரும். கடையில் ஹெல்மெட் ஒன்றை வாங்கி மாட்டி, தொப்பியை அதன் மேல் இழுத்துத் தலையை இரண்டு பக்கமும் திருப்புங்கள். தொப்பி கூடவே திரும்ப வேண்டும்.

இடுப்பில் உள்பக்கம் எலாஸ்டிக் வைத்த பனிப்பாவாடை இருக்கும். சில கம்பெனிகள் அதைத் தங்கள் பேன்டோடு மாட்டிக்கொள்ள வளையம் வைத்திருப்பார்கள். உங்களுடையது வேறு கம்பெனி பேன்ட், சேராது, பரவாயில்லை. பட்டனை மட்டும் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள், முதுகுக்குள் பனி ஏறாது.

கால்கரி அக்கா:

பேன்ட் ஊறுகிறது என்றால் உடனே தூக்கிப் போட வேண்டாம். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறினால் தண்ணீரை உருட்டிவிடும் மேல்பூச்சு வேலை செய்யாது. உள்ளே தண்ணீரைத் தடுக்கும் மெம்பரேன் படலம் நன்றாகவே இருக்கும், ஆனால் மேல்துணி ஊறிவிட்டதால் வியர்வை வெளியே போக முடியாமல் ஒழுகுகிற மாதிரியே தோன்றும். இந்த மாதிரி மழை, பனித் துணிக்கென்று விற்கிற சோப்பில் துவைத்து, லேபிள் அனுமதித்தால் ட்ரையரில் குறைந்த சூட்டில் ஓட விடுங்கள். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் பக்கமே போகாதீர்கள். அப்படியும் உருளவில்லை என்றால் அந்த மேல்பூச்சைப் புதுப்பிக்கும் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள்.

பர்னபிவாசி:

துவைத்துப் பார்த்தேன் அக்கா, இப்போது உட்காரும் இடத்திலும் ஓரளவு உருள்கிறது. ஸ்ப்ரே ஒன்று வாங்கிவிடுகிறேன். ஷெல் எல் எடுத்தாயிற்று, குனிந்து பாதத்தைத் தொட்டபோது எம் சைஸ் மேலே ஏறி முதுகைக் காட்டிவிட்டது. அக்குள் ஜிப் இருக்கிறது, எல்லாத் தையலுக்கும் டேப். இடது கையில் ஒரு குட்டிப் பாக்கெட், அது எதற்கு?

ஈரமலை:

லிஃப்ட் பாஸுக்கு. கேட்டில் கையை நீட்டினாலே திறக்கும். பாஸை மட்டும் தனியாக வையுங்கள், போன் கூட இருந்தால் சில சமயம் படிக்காது. போனை நெஞ்சுப் பக்கம் உள்பாக்கெட்டில் வையுங்கள், குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கிவிடும்.