ஊசிக்கும் கட்சி உண்டா?

காசிமேட்டுக்காரன்: "மோடி படம் போட்ட சான்றிதழ் எனக்கெதுக்கு?" என்று 2021இல் கொரோனா ஊசி வேண்டாமென்றார் பக்கத்து வீட்டு அண்ணன். வலை பின்னிக்கொண்டே இன்றும் அதே பேச்சு. உங்கள் பக்கமும் இப்படியா?

ராயபுரம் அக்கா: அந்தப் படத்தைத் தேர்தல் நேரத்தில் ஆணையமே நீக்கச் சொன்னதே தம்பி! எனக்கு உறுத்தியது வேறு. மூன்றாம் கட்ட சோதனை முடியுமுன்பே, ஜனவரி 3 அன்று கோவாக்சின் என்ற கொரோனா ஊசிக்கு அனுமதி தந்தார்கள். அவசரப்பட்டால் சந்தேகம் வராதா? உத்தரப் பிரதேசத்தின் சமாஜ்வாதி கட்சித் தலைவர் அகிலேஷ் யாதவ் 'பாஜக தடுப்பூசி' என்றே சொல்லிவிட்டார்.

தண்டையார்பேட்டை 81: கட்சி மட்டுமில்லைங்க. நடிகர் விவேக்குக்கு ஊசி போட்ட மறுநாள் மாரடைப்பு. தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொல்லியும் எங்கள் அத்தை நம்பவில்லை. அப்புறம் தெரு முகாமில் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து நின்றதைப் பார்த்துத்தான் வரிசைக்கு வந்தார்.

காசிமேட்டுக்காரன்: சரி, எங்கள் தெருவில் அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லையே!