அடாப்டிவ் சஸ்பென்ஷன்: வண்டி எடுத்த முதல் பத்து கிலோமீட்டர் ஏன் இப்படித் தூக்கிப் போடுது?

நெடுவழி:
வணக்கம் நண்பர்களே. அடாப்டிவ் டாம்பர் (ரோட்டுக்கேற்ப இறுக்கத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர்) உள்ள ஸ்போர்ட்ஸ் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்னால் 20 அங்குல வீல், பின்னால் 21, நாலும் சம்மர் டயர். காலையில் வெளியே 6 டிகிரி இருக்கும். கம்ஃபர்ட் மோடில்தான் கிளம்புகிறேன், ஆனாலும் ரோட்டில் உள்ள சின்ன ஒட்டு, மேன்ஹோல் மூடி எல்லாம் டக் டக்கென்று முதுகில் தெரிகிறது. ஸ்டீயரிங்கிலும் லேசான அதிர்வு. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடினால் பாதி குறைகிறது, முழுசாகப் போகவில்லை. மீட்டரில் எந்த எச்சரிக்கையும் இல்லை. ஷாக் எண்ணெய் குளிரில் கெட்டியாகிவிடும் என்கிறார் ஒருவர். கம்ப்யூட்டர் ரோட்டைப் பழகிக்கொள்ள நேரமாகும் என்கிறார் இன்னொருவர். எது சரி? ஷாக்கை மாற்ற வேண்டுமா?

முறுக்கு 120:
ஷாக்கைத் தொடாதீர்கள். நாலு அடாப்டிவ் ஷாக் மாற்றும் செலவுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

கம்ப்யூட்டர் பழகிக்கொள்கிறது என்பதை முதலில் விட்டுவிடலாம். ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் வால்வுக்குப் போகும் கரன்ட்டை அது மில்லிசெகண்ட் கணக்கில் மாற்றிக்கொண்டே இருக்கிறது. வண்டி ஸ்டார்ட் ஆகிச் சில நொடிகளில் செல்ஃப் செக் முடிந்துவிடும். பத்து கிலோமீட்டர் வரை அதற்கு வேலை இல்லை.

நீங்கள் சொல்லும் அறிகுறியில் பெரும்பங்கு டயருடையது. ஸ்டீயரிங் அதிர்வுதான் அதற்கு அடையாளம். டயரின் பெல்ட்டுக்கு (உள்ளே சுற்றியிருக்கும் கம்பி அடுக்கு) மேலே நைலான் அடுக்கு உண்டு. சூடாக ஓடி வந்த வண்டியை நிறுத்தியதும், எடை அழுத்திய நிலையிலேயே அது ஆறி இறுகுகிறது. ரோட்டைத் தொட்டுக்கொண்டிருந்த பகுதி தட்டையாக நின்றுவிடும். மறுநாள் அது மறுபடி சூடாகி வட்டமாகும் வரை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு விழும். ஃப்ளாட் ஸ்பாட் என்பது இதுதான். பக்கச்சுவர் குட்டையாக உள்ள அகல டயரில் நன்றாகவே தெரியும். நீங்கள் சொன்ன தூரத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொன்று, 6 டிகிரியில் சம்மர் டயரின் ரப்பரே விறைத்துப் போகும். பொதுவாக 7 டிகிரிக்குக் கீழே அந்த டயரைப் பரிந்துரைப்பதில்லை. பிடிமானமும் குறையும் என்பதால் குலுக்கலைவிட இதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

அடாப்டிவ் டாம்பரால் இதை ஏன் சரிசெய்ய முடியவில்லை என்றால், பாடி மேலும் கீழும் ஆடுவது நொடிக்கு 1-2 தடவை, சக்கரம் துள்ளுவது 10-15 தடவை. டாம்பர் ஆள்வது இந்த இரண்டையும்தான். டயரிலிருந்து வரும் 'டக்' அதைவிட வேகமான அதிர்வு. அது புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர்) வழியாக நேராக பாடிக்குப் போய்விடும். கம்ஃபர்ட் மோடு போட்டாலும் அங்கே கை எட்டாது.

காற்றை அளந்து எழுதுங்கள். வண்டி ஓடாத நிலையில், வெளிக்குளிரிலேயே, கையில் பிடிக்கும் கேஜில்.

புஷ் ராசா:
டயர் விஷயத்தில் மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் எண்ணெயை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஷாக்கின் பிஸ்டன் வேகமாக நகரும்போது, அதாவது பெரிய பள்ளத்தில், எண்ணெயின் கெட்டித்தன்மைக்குப் பெரிய பங்கில்லை. மெதுவாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் நகரும்போது எண்ணெய் குறுகலான வழியில் கசிந்துதான் போக வேண்டும். அங்கே குளிர்ந்த எண்ணெய் நிச்சயம் இறுக்கும். பெரிய பள்ளத்தில் வித்தியாசம் தெரியாமல் சின்ன ஒட்டில் மட்டும் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே இடத்தில் சீல் உராய்வும் சேர்கிறது. மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) ஷாக்கில் நைட்ரஜன் 20-30 பார் அழுத்தத்தில் நிற்கும், அதைத் தாங்க ராடைச் சுற்றியுள்ள சீல் இறுக்கமாகப் பிடித்தாக வேண்டும். நின்ற நிலையிலிருந்து ராடு நகரத் தொடங்க ஒரு குறைந்தபட்ச விசை தேவை. ஒட்டின் உயரம் அந்த விசையைத் தராவிட்டால் ஷாக் அசையவே அசையாது, அந்த நொடிக்கு டயர் மட்டும்தான் உங்கள் சஸ்பென்ஷன். புது ஷாக்கில் இது அதிகம், ஓட ஓடக் குறையும்.

வண்டியில் எந்த வகை என்று பாருங்கள். மேக்னடிக் வகை என்றால் எண்ணெயில் நுண்ணிய இரும்புத் துகள் கலந்திருக்கும், பிஸ்டனில் உள்ள காயிலுக்குக் கரன்ட் போனால்தான் இறுகும். 2002-ல் கேடிலாக் செவில் எஸ்டிஎஸ்ஸில் முதலில் வந்தது, அடுத்து கார்வெட்டில். அதில் கரன்ட் போகாவிட்டால் வண்டி மெத்தென்று மிதக்கும். அதனால் ஹார்டாக இருக்கிறது என்று காயிலைச் சந்தேகிப்பதில் அர்த்தமில்லை. இசட்எஃப் கம்பெனியின் சிடிசி போன்ற, வால்வால் இறுக்கத்தை மாற்றும் வகை வேறு. கரன்ட் நின்றால் பாதுகாப்புக்காக நடுத்தர இறுக்கத்துக்குப் போய் நிற்கும், கம்ஃபர்ட்டைவிடக் கட்டையாகத் தெரியும். ஆனால் அப்போது மீட்டரில் எச்சரிக்கை வந்துவிடும். உங்களுக்கு வரவில்லை.

கேம்பர் கண்ணன்:
சூடானால் குறைவது ஒரு பாதி. குறையாமல் நிற்கும் மறுபாதிக்கு வேறு காரணம் தேடணும். செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் லிஃப்டில் ஏற்றி இதைப் பாருங்க.

ஷாக்குக்குப் போகும் ஒயரைக் கையால் தொடர்ந்து போங்க. ஷாக் பாடிக்குள் போய் முடிந்தால் சரி. நடுவில் ஒரு சின்னப் பெட்டியில் முடிந்தால், முந்தைய உரிமையாளர் சாதாரண காயில்ஓவர் (ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்) போட்டுவிட்டு எச்சரிக்கை வராமல் இருக்க ரெசிஸ்டர் மாட்டியிருக்கார் என்று அர்த்தம். அப்போ மோடு பட்டன் விளக்கு மட்டும் மாறும், ஷாக் மாறாது. பல கார்களில் அந்தப் பட்டன் த்ரோட்டிலையும் ஸ்டீயரிங்கையும் சேர்த்து மாற்றும், ஏமாந்துடாதீங்க.

தாழ்வு ஸ்ப்ரிங் போட்டிருந்தால் பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் அதிகம் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) எவ்வளவு தள்ளி நிற்குதுன்னு பாருங்க. கிட்டத்தட்ட ஒட்டியே நின்றால் ஒவ்வொரு ஒட்டிலும் ரப்பர் கட்டை மேல்தான் உட்காரும். ஸ்ப்ரிங் சுற்றுக்குள் கப்பலில் வரும்போது வைக்கும் அடைப்புக்கட்டை எடுக்காமல் இருப்பதும் உண்டு, புது வண்டியில் இதை முதலில் பார்க்கணும்.

அடுத்தது வண்டியின் உயரத்தை அளக்கும் ஹைட் சென்சார். அதன் சின்ன ராடு கழன்றால் எச்சரிக்கை வரும். வளைந்து மட்டும் இருந்தால் வராமலும் போகலாம், ஆனால் கம்ப்யூட்டர் நடுநிலையைத் தப்பாக எடுத்துக்கும்.

கடைசியாக, சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் ஆர்மின் போல்ட். சக்கரம் தொங்கும் நிலையிலேயே முறுக்கி இறுக்கியிருந்தால், கீழே இறக்கினதும் புஷ் திருகின நிலையிலேயே நிற்கும். வண்டி இறுகும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். போல்ட்டைத் தளர்த்தி, எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போது கம்பெனி சொன்ன டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) இறுக்கணும். அப்புறம் அலைன்மென்ட்.

நெடுவழி:
அனைவருக்கும் நன்றி. ஒயர் ஷாக்குக்குள்தான் போகிறது, ஸ்ப்ரிங் கம்பெனியுடையது. காலையில் வெளியில் அளந்தேன்: முன்னால் 42 பிஎஸ்ஐ, பின்னால் 46. கதவுத் தூண் ஸ்டிக்கரில் 33, 39 என்று இருக்கிறது. இதுதானா?

முறுக்கு 120:
குறையாமல் நிற்கும் பாதி பெரும்பாலும் இதுதான். டயரும் ஒரு ஸ்ப்ரிங், அதன் இறுக்கம் காற்றழுத்தத்தை ஒட்டியே ஏறும். முன்னால் 9 பிஎஸ்ஐ அதிகம் என்றால் கால்பங்குக்கு மேல். வண்டியைக் கப்பலில் அனுப்பும்போது ஃப்ளாட் ஸ்பாட் விழாமல் இருக்க அதிகமாக அடைப்பார்கள், பிறகு குறைக்க மறந்துவிடுவார்கள்.

ஸ்டிக்கர் அளவுக்கு இறக்குங்கள், குளிர்ந்த டயரில். ஏறத்தாழ ஐந்தரை டிகிரிக்கு 1 பிஎஸ்ஐ மாறும். 20 டிகிரி கராஜுக்குள் 33 வைத்தால் 6 டிகிரியில் 30-31தான் இருக்கும். அதனால் வெளியிலேயே வையுங்கள். ஸ்டிக்கருக்குக் கீழே போகாதீர்கள். கையேட்டில் குறைந்த வேகத்துக்குத் தனி அளவு தந்திருந்தால் மட்டும் அது வேறு. சில போர்ஷே 911-களில் 270 கிமீ வேகத்துக்குள் ஓட்டுபவர்களுக்கு கம்ஃபர்ட் அழுத்தம் என்று ஒன்று உண்டு. டயர் பிரஷர் மானிட்டரிலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இறக்கிய பிறகும் சூடான வண்டி அதே ஒட்டில் அதே மாதிரி இடித்தால், புஷ் போல்ட்டையும் ஹைட் சென்சாரையும் பாருங்கள். ஷாக் அதற்கும் பிறகு.