பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள்தான் நம்மை வறுமையிலிருந்து மீட்டனவா?

நிபோங் திபால்காரன்:
போன வாரம் ஒரு கல்யாண வீட்டில், வெளிநாட்டு முதலாளிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டதால்தான் ஏழை இன்னும் ஏழையாக இருக்கிறான் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். என்னால் ஏற்க முடியவில்லை. 1969-ல் மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு இருந்த தீர்வையில்லாத் துறைமுகச் சலுகை போன பிறகு இங்கே இளைஞர்களுக்கு வேலையே இல்லை. 1972-ல் தீவின் பாயான் லெப்பாஸில் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கு வரிச்சலுகை கொடுக்கும் தடையற்ற வாணிப வட்டாரம் வந்தது, கணினிச் சில்லு செய்யும் இண்டெல் வந்தது, பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். என் பெரியக்கா 1981-ல் அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். தீவுக்குப் பாலம் இல்லாத காலம், விடியுமுன் பஸ், அப்புறம் ஃபெர்ரி, அப்புறம் இன்னொரு பஸ். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், மழை பெய்தால் அன்றைக்கு வருமானம் கிடையாது. பெரியக்காவுக்கு மழையோ வெயிலோ, மாதம் முடிந்தால் சம்பளம். அதில்தான் நான் ஆறாம் படிவம் முடித்தேன். 1970-ல் தீபகற்ப மலேசியாவில் 49.3 விழுக்காட்டுக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன, இன்றைக்கு அப்படியா இருக்கிறது?

செம்பனைக்காடு:
தம்பி, உங்கள் பெரியக்காவுக்குக் கதவு திறந்தது உண்மைதான். எங்களுக்கு இருந்த கதவும் அடைபட்டது. எங்கள் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், அதற்குக் குறைந்த ஆள் போதும். பிறகு தோட்டத்தையே வீடமைப்புக்கு விற்றார்கள். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது, வேலை போனால் வீடும் போச்சு. மூன்று தலைமுறை உழைத்த அப்பா கையில் கொஞ்சம் இழப்பீட்டுப் பணத்தோடு புறம்போக்கில் பலகை வீடு கட்டினார். பட்டணத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் பாக்டரி பஸ் வந்தது, எங்கள் தோட்டத்துக்கு வரவில்லை. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களின் கதையைத் தனியாகவே எழுத வேண்டும்.

பிறை ஷிப்ட்காரர்:
நான் 22 வருடம் ஷிப்ட் பார்த்தவன். வேலை கிடைத்தது, சரி. ஆனால் மின்னணுத் துறையில் 1988 வரை தொழிற்சங்கமே கூடாது, பிறகும் அந்தந்த நிறுவனத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று சட்டமாக 2013-ல்தான் வந்தது, தீபகற்பத்துக்கு மாதம் 900 வெள்ளி (ரிங்கிட்). சந்தையைத் திறந்தது 1972-ல் என்றால் இந்த நாற்பது வருடத்தை என்னவென்று சொல்வீர்கள்?

நிபோங் திபால்காரன்:
ஐயா, அதைச் சரி என்று நான் சொல்லவில்லை. பெரியக்கா மைக்ரோஸ்கோப்பில் கம்பி ஒட்டி ஒட்டி நாற்பது வயதுக்குள் கண்ணாடி போட்டவர். ஆனால் அந்த வேலையும் இல்லையென்றால் அவரும் அம்மாவைப் போல ரப்பர்க் காட்டிலேயே இருந்திருப்பார். கூடவே அரசாங்கப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இருந்தன, தொழிற்சாலை மட்டும் போதும் என்று நான் எங்கே சொன்னேன்?

செம்பனைக்காடு:
இப்போதுதான் பேச்சு ஓர் இடத்துக்கு வருகிறது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அரசாங்கம் போட்ட பணம், சந்தை போட்டதல்ல. இன்னொன்று, வறுமை ஒழிந்துவிட்டது என்று சொல்ல நாம் வைத்திருந்த அளவுகோலே தப்பு. 2019-ல் மாதம் 980 வெள்ளிக்குக் கீழே சம்பாதிக்கும் குடும்பம்தான் ஏழை, அதன்படி நாட்டில் 0.4 விழுக்காடு. அடுத்த வருடம் அந்த வறுமைக் கோட்டை 2,208 வெள்ளிக்கு உயர்த்தினார்கள், அதே 2019 கணக்கே 5.6 விழுக்காடானது, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். நான்கு பிள்ளைகளோடு 1,000 வெள்ளியில் குடும்பம் நடத்திய என் அண்ணி அதுவரை கணக்கிலேயே இல்லை.

நிபோங் திபால்காரன்:
980-ஐ வைத்து யாராலும் குடும்பம் நடத்த முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன் அக்கா. பினாங்கில் வாடகைக்கே போய்விடும். ஆனால் முதலாளிகளை வரவிடாமல் இருந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது.

செம்பனைக்காடு:
வரவிட வேண்டாம் என்று நான் சொல்லவேயில்லை தம்பி. தோட்டத்தை விற்கும்போது, அங்கே பிறந்தவனுக்கு அதே மண்ணில் ஒரு வீடு கொடுத்துவிட்டு விற்றிருக்க வேண்டும் என்கிறேன்.