புதுப்பிப்பு: என்ஜின் ஹெட் (மேல்பகுதி) கழற்றிப் பார்த்தாச்சு

ரம்பொடை ஏற்றத்தில் நின்றுபோன டீசல் வேன் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். டீசல் பம்ப் பழுதில்லை; கிராங்க் (பிஸ்டன்களோடு சுற்றும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இரண்டையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட் 2 பல் தாண்டியிருக்கிறது. அதில் பிஸ்டன் முட்டி மூன்று வால்வு வளைந்திருக்கிறது. பிஸ்டன் தலையில் மேலோட்டமான தடம்தான், வெடிப்பில்லை. அதனால் பிஸ்டன் மாற்றத் தேவையில்லை.

பெல்ட் பல் தாண்டக் காரணம் கேம் சீல் (கேம் தண்டில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) கசிவு. எண்ணெய் ஊறிய பெல்ட், தளர்ந்த டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை). மலைப்பாதைக்காரர் கவனிக்க வேண்டியது இன்னொன்று: ஏற்றத்தில் கியரில் மட்டும் நிறுத்தினால் வண்டி பின்னுக்கு நகரலாம், அப்போது கிராங்க் எதிர்ப்பக்கம் சுற்றும், தளர்ந்த பெல்ட் பல் தாண்டிவிடலாம். ஹேண்ட்பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வையுங்கள்.

பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டைத் தாங்கி ஓடும் உருளை), கேம் சீல், கிராங்க் சீலும் புதிது. கேம், கிராங்க், பம்ப் மூன்று குறியும் பொருத்தி, கிராங்கைக் கையால் 2 முழுச் சுற்று சுற்றி மறுபடி பாருங்கள். இடையில் முட்டினால் பலமாகத் திருப்பவே வேண்டாம்.