கருவிப்பட்டையில் ஐகானா எழுத்தா: பயனரிடம் எவ்வளவு தேர்வை விடலாம்?

கேள்வி:
வணக்கம். க்யூட் (Qt) என்ற நிரல் நூலகத்தைக் கொண்டு ஆவணங்களைத் திருத்தும் மேசைக்கணினி மென்பொருள் ஒன்றை எழுதி வருகிறேன். கருவிப்பட்டைப் பொத்தான்களை ஐகான் மட்டும், எழுத்து மட்டும், ஐகானுக்குப் பக்கத்தில் எழுத்து, ஐகானுக்குக் கீழே எழுத்து என நான்கு விதமாகக் காட்ட அந்நூலகமே இடம் தருகிறது. நான்கையும் அப்படியே பயனரிடம் விட்டுவிடலாமா, அல்லது நானே ஒன்றைத் தீர்மானித்துவிடலாமா? ஐகான் அளவையும் மாற்ற வழி வேண்டும் என்று சோதித்துப் பார்த்த சிலர் கேட்கிறார்கள்.

பதில் 1:
நான்கையும் தாருங்கள், ஆனால் உங்கள் உழைப்பு முழுவதும் இயல்புநிலையில் இருக்கட்டும், ஏனெனில் பெரும்பாலோர் அதைத் தொடவே மாட்டார்கள். சேமி, அச்சிடு, தடித்த எழுத்து ஆகியவற்றை ஐகானைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். 'திருத்தங்களைக் காட்டு' என்பதற்கு எந்தப் படத்தை வரைந்தாலும் அது புதிர்தான். ஆகவே 'பக்கத்தில் எழுத்து' முறையை இயல்பாக வைத்து, படமே போதுமான செயல்களுக்குக் குறைந்த முன்னுரிமை கொடுங்கள். க்யூட் 4.6 முதல் இந்த வசதி உண்டு. அம்முறையில் அவற்றின் எழுத்து மட்டும் மறைந்துவிடும். ஜிடிகே (GTK) என்ற இன்னொரு நிரல் நூலகம் இதையே தலைகீழாகச் செய்தது: 'முக்கியம்' என்று குறித்தவற்றுக்கு மட்டுமே எழுத்து வரும்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். 'கீழே எழுத்து' முறையை இயல்பாக்க வேண்டாம். அகலத்திரைகளில் தட்டுப்பாடு உயரத்துக்குத்தான், அதைத்தான் அம்முறை விழுங்குகிறது. பொத்தானில் எழுத்து சேர்ந்தால் சுட்டி போய்ச் சேரும் பரப்பு பெரிதாகிறது என்பதும் ஒரு லாபம். இலக்கு பெரிதானால் அதை எட்டும் நேரம் குறையும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இலேயே காட்டினார். மெனுவில் உள்ள நீளமான பெயரைப் பொத்தானிலும் போடாதீர்கள்; கருவிப்பட்டைக்கென்று சுருக்கப் பெயரைத் தனியே கொடுக்கலாம். எழுத்தை மறைத்தாலும் திரைவாசிப்பானுக்கான (பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள்) பெயரும் சுட்டியை நிறுத்தினால் தோன்றும் குறிப்பும் இருந்தே ஆக வேண்டும்.

பதில் 3:
இந்தத் தேர்வுகளை அமைப்புகள் சாளரத்தின் ஆழத்தில் புதைக்காமல், பட்டையின் மேல் வலது கிளிக் செய்தால் வரும் மெனுவில் வையுங்கள். தேர்ந்தெடுத்த கணமே மாற்றம் தெரிய வேண்டும். வலது கிளிக் செய்து பார்க்க எல்லோருக்கும் தோன்றாது என்பதால் 'காட்சி' மெனுவிலும் அதே பட்டியல் இருக்கட்டும். ஐகான் அளவுக்கு 16, 24, 32 பிக்சல் என்று மூன்று போதும். ஐகான்கள் எஸ்விஜி (SVG, பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத பட வகை) வடிவில் இருந்தால் அடர்த்தி மிகுந்த திரைகளிலும் மங்காது. ஒன்றைக் கவனியுங்கள்: முதன்மைச் சாளரத்தின் நிலையைச் சேமிக்கும் செயற்கூறு பட்டைகளின் இடத்தையும், அவை தெரிகின்றனவா என்பதையும் நினைவில் வைக்கும், எழுத்து முறையையும் ஐகான் அளவையும் நீங்கள்தான் தனியே சேமிக்க வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. 'எழுத்து மட்டும்' என்பதை யாராவது பயன்படுத்துவார்களா? எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

பதில் 2:
எடுக்காதீர்கள். சிறிய படங்களைப் பிரித்தறியச் சிரமப்படுபவர்கள் எழுத்துருவைப் பெரிதாக்கிக்கொண்டு அதைத்தான் நாடுவார்கள், உங்களுக்கோ அதனால் கூடுதல் நிரல் எதுவும் இல்லை. பட்டை சாளரத்தைவிட நீளும்போது மிச்சப் பொத்தான்கள் ஓர அம்புக்குறிக்குள் போய்விடும் என்பதால், அடிக்கடி தேவைப்படுபவற்றை வரிசையின் தொடக்கத்தில் வைத்துவிடுங்கள்.