‘கெண்டைக்கால் தசை விடுவிப்பு’ வேண்டாமே

வணக்கம். நுனிக்காலில் நடக்கும் பிள்ளைகளுக்குக் கெண்டைக்காலில் செய்யும் அறுவைக்கு, ஒப்புதல் படிவத்தில் போட நேற்று இங்கே முன்வைக்கப்பட்ட ‘கெண்டைக்கால் தசை விடுவிப்பு’ என்ற சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நான் இயன்முறை மருத்துவம் பார்க்கிறவள், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் இந்த அறுவையைப் பற்றி அடிக்கடி பேச வேண்டியிருக்கிறது. விடுவிப்பு என்று சொன்னதும் ஓர் அம்மா, “எதுலம்மா மாட்டியிருக்கு, எடுத்துவிட்டா ஓடிருவானா?” என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை, சொல் அப்படித்தான் கேட்க வைக்கிறது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கினால் அதன்மேல் இருக்கும் பட்டையை வெட்டுகிறார்களே, அங்கே விடுவிப்பு சரி. இங்கே எதுவும் சிக்கிக்கொள்ளவில்லை. மூளையின் பாதிப்பால் தசை இறுகியே கிடக்கிறது, எலும்பு வளர்கிற வேகத்துக்கு நீளாமல் போகிறது, பிள்ளை வளர வளரக் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடக்கிறான். அந்தப் பையனின் ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தேன்: முன்பக்கம் தேய்ந்து ஓட்டை, குதிகால் பக்கம் கடையிலிருந்து வந்தபடியே இருந்தது. அறுவை செய்வது தசையின் குறைந்த நீளத்தைக் கூட்டுவது மட்டும், மூளையை அது தொடுவதில்லை. ஆகவே ‘நீட்டல்’ என்றே சொல்வோம்.

சரி, எதை நீட்டுவது? சொல்லில் இது இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை. ஆடுசதையில் முக்கியமாக இரண்டு தசைகள். மேலே இருப்பது தொடையெலும்பில் தொடங்கி முழங்கால், கணுக்கால் இரண்டையும் தாண்டுகிறது, அடியில் இருப்பது முழங்காலைத் தாண்டுவதில்லை, இரண்டும் சேர்ந்து, குதிகால் எலும்பில் ஒட்டும் குதிகால் நாணாக முடிகின்றன. முழங்காலை மடக்கினால் பாதம் மேலே வருகிறது, நீட்டினால் வரவில்லை என்றால் மேல்தசை மட்டும்தான் குட்டை. அப்போது நாணைத் தொடாமல் மேல்தசையின் கீழ்முனையில் இருக்கும் வெள்ளை நார்த்தகட்டை மட்டும் வெட்டி நழுவ விடலாம், ஸ்ட்ரேயர் என்ற அறுவை மருத்துவர் 1950இல் விவரித்த முறை இது. நாணையே நீட்டினால் இரண்டு தசையும் தளரும். அளவு மீறிவிட்டால் அடித்தசையால் கணைக்காலை நிறுத்திப் பிடிக்க முடியாது, கணைக்கால் முன்னால் சாய்ந்து, முழங்கால் மடங்கி, பிள்ளை பாதி உட்கார்ந்த மாதிரி நடக்கத் தொடங்குவான், அதிலும் இரண்டு காலும் பாதித்த பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். நுனிக்கால் நடையைவிட அதைத் திருத்துவது கஷ்டம். இப்படி வேறுபட்ட இரண்டு அறுவைகளுக்கு ஒரே பெயர் வைத்து ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது.

அதனால் என் பரிந்துரை: முதலாவதற்கு ‘மேல்கெண்டைத் தகடு நீட்டல்’, இரண்டாவதற்குக் ‘குதிநாண் நீட்டல்’. குதிகால் தரையில் படாத பாதத்துக்கு, அதன் மருத்துவப் பெயரின் லத்தீன் மூலத்தைப் பார்த்து ஒருவர் சொன்ன ‘குதிரைப்பாதம்’ வேண்டவே வேண்டாம், பிள்ளையின் காலை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது, ‘நுனிக்கால் நடை’ இருக்கவே இருக்கிறது. பாதி உட்கார்ந்த நடைக்குக் ‘குந்துநடை’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன், ஆனால் குந்துதல் என்றால் முழுக்க உட்காருவதாகப் படுமோ என்று ஒரு தயக்கம். வேறு சொல் தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், படிவம் அச்சுக்குப் போகிறது.